வேரிலிருந்து ஆறு சென்டிமீட்டர்

உட்லண்ட்ஸ் ஆலைக்குள் என் தலைமுடிக்கு அனுமதியில்லை.
முதலில் ஒரு வலை, அதன்மேல் முக்காடு,
அதற்கும் மேல் கண்ணை மட்டும் விட்டுவைத்த வெள்ளை உடுப்பு,
பிறகு காற்றுக் குளியல்.
மயிர் ஒன்று விழுந்தாலும் சில்லு முழுக்கப் பாழ் என்று
சுவரில் நான்கு மொழிகளில் எச்சரிக்கை.
தமிழில் மட்டும் அது
மயில் ஒன்று விழுந்தாலும்
என்றிருக்கிறது.
ஐந்து வருடமாகப் பார்க்கிறேன்,
அந்த மயில் இன்னும் விழவில்லை.

வீட்டில்தான் விழுகிறது.
குளியலறைச் சல்லடையில், தலையணையில்,
ஒருநாள் சம்பலுக்குள்.
குறைகளை எண்ணுவது என் உத்தியோகம்.
எண்ணினேன்.
நூற்றுப் பதினேழு. நூற்று நாற்பது.
பொங்கலன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து
இருநூற்று மூன்று.

உடை மாற்றும் அறையில் நூராய்னி
பிடரியைப் பிரித்துப் பார்த்தாள்.
"உபான், கா. இங்கே. இங்கேயும்."
மலாயில் நரை இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கேட்கிறது.
எனக்கு முப்பத்தொன்று.
"எனக்கும்தான் இருக்கு,
தூடோங்குக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

கேம்பல் லேன் பக்கம், பூக்கடைக்கு மேல்மாடி.
வைத்தியர் லதிகா நாடி பார்த்தார்,
நாக்கை நீட்டச் சொன்னார்,
என்ன ஷாம்பு என்று கேட்கவே இல்லை.
எலும்பு விளைந்து மிஞ்சிய கசடுதான் முடி என்றார்.
கோபம், துக்கம், ஓயாத உழைப்பு
உடம்புச் சூட்டைத் தலைக்கு ஏற்றும்.
பித்தம் அங்கே போய்
முடியைப் பழுக்க வைக்கும்,
மூட்டம் போட்ட வாழைத்தார் மாதிரி, முறைக்கு முன்னாலேயே.
காலித்யம், பாலித்யம் என்றார்,
இரட்டைப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

"கடைசியாக எப்போது கோபப்பட்டீங்க, தர்ஷாயினி?"
கீழே யாரோ மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.
ஞாபகமில்லை என்றேன்.
"துக்கம்?"
அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

கரிசலாங்கண்ணியும் நெல்லியும் காய்ச்சிய எண்ணெய்.
காலையில் மூக்குக்கு இரண்டிரண்டு சொட்டு.
புளிப்பு, காரம் குறைக்கணும்.
இரவு பத்துக்குள் தூங்கிடணும்.
சிரித்துவிட்டேன்.
இரவு ஏழுக்கு உள்ளே போய்
காலை ஏழுக்கு வெளியே வருகிறவள் நான்.

அன்றைக்குச் சீப்பிலிருந்து ஒன்றை எடுத்து
கையருகே இருந்த நீல ஃபைல்மேல் நீட்டிவைத்தேன்.
நுனியெல்லாம் கறுப்பு. வேர்ப்பக்கம் வெள்ளை.
அளவுகோல் வைத்தேன், ஆறு சென்டிமீட்டர்.
மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருமாம்.
பின்னால் எண்ணிக்கொண்டே போனால்
புளோக்குகளில் தேசிய தினக் கொடிகள் தொங்கிய வாரம்.

தெங்காவில் எங்கள் வீடு பதினோராவது மாடி வரை எழும்பியிருந்தது.
கிரிதரன், வீடு வேண்டாம் என்றான்.
வீடு என்றுதான் சொன்னான்.
இருவரும் நேரில் வந்து ரத்து செய்யவேண்டும் என்றார்கள்.
தோ பாயோவில் வரிசை எண் எடுத்து
நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.
முகப்பில் இருந்த பெண்ணுக்கு நன்றி சொன்னேன்.
அவனுக்கும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.
அன்று இரவு வேலைக்குப் போனேன்.
அறுநூறு சில்லு, ஒரு குறையும் விடவில்லை.
ஃபைலை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன், தெரியவில்லை.

எண்ணெய் வாசம் லிஃப்டில் எனக்கு முன்னால் இறங்குகிறது.
பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால்
மேல்வீட்டில் துளை போடுகிறார்கள்.
மூன்றாம் வாரம், காலைப் பேருந்தில்,
கிராஞ்சி தாண்டும்போது,
அவன் பெயரைச் சொல்லி வாய்விட்டுத் திட்டினேன்.
தமிழில் தொடங்கி, போதாமல்,
நூராய்னியிடம் கற்றதையும் சேர்த்துக்கொண்டேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் காதொலிக் கருவியைக் கழற்றினான்.

"கொட்டுவது குறைஞ்சிருக்கா?"
எண்ணுவதை விட்டுட்டேன் என்றேன்.
பேருந்துக் கதையைச் சொன்னேன்.
வைத்தியர் லதிகா சிரிக்கவில்லை,
மருந்து பிடிக்கிறது என்பதுபோல்
தேதி போட்டு எழுதிக்கொண்டார்.
எழுதக் குனிந்தபோது
அவர் வகிட்டோரம் சாயத்துக்கு அடியில்
இரண்டு விரற்கடை வெள்ளை.
எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.
கேட்கவில்லை.